மூக்கில்லாத கிளி

வாங்க மேடம், வாங்க சார். குனிஞ்சு வாங்க, சாரக்கம்பு தலையில இடிக்கும். உக்காருங்க. என்ன எடுத்துப் போடட்டும்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா "சும்மா பாக்கத்தான் வந்தோம்"ம்பீங்க. அந்தப் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். புடவை. இந்தத் தெருவுல உள்ள கடையப் பூராம் அச்சடிச்ச புடவை. நீங்க கேக்க வந்ததையும் நானே கேட்டுர்றேன், சரியா வருதான்னு பாருங்க.

"எக்ஸ்கியூஸ் மீ, இந்த முந்தானைல இருக்கறது எந்தக் கடைங்க?"

சார் சிரிச்சுட்டாரு. சரியா வந்துருச்சுன்னு அர்த்தம். அந்த "எக்ஸ்கியூஸ் மீ"ய மூக்குல இருந்து எடுக்கணும் சார், தொண்டையில இருந்து எடுத்தா மெட்ராஸ் வராது, செங்கல்பட்டோட நின்னுரும்.

இன்னொண்ணும் எனக்குத் தெரியும். பழைய தெரு, பழைய கடை, வயசான ஆளு. "அந்தக் காலத்துல..."ன்னு கண்ணக் கசக்கிக்கிட்டு ஒரு கதை சொல்லுவான், ஃபோன்ல புடிச்சுக்கிட்டுப் போயிரலாம்னு பாத்தீங்க. அந்தச் சரக்கு நம்மகிட்ட இல்ல. தெருக்கோடியில கதிரேசன்னு ஒருத்தன் பட்டனும் லேசும் விக்கிறான். அழுகை அங்க ஸ்டாக் உண்டு. இங்க வயித்தெரிச்சல்தான். ஆனா ஃப்ரெஷ்ஷு.

யாரு உங்கள இங்கிட்டு அனுப்புனா? பட்டன் கடையா? அதான பாத்தேன். வர்றவங்களப் பூராம் "அண்ணன்கிட்ட கேளுங்க"ன்னு இங்கயே தள்ளி விடுறான். அண்ணனுக்குத் தெரியாதுன்னு ஊருக்குக் காட்டணும், அதுக்குத்தான். எந் தம்பிதான் மேடம் அவன். கூடப் பொறந்தவன். பேச்சுவார்த்தை கெடையாது.

அந்த டொக்கு டொக்குச் சத்தத்தக் கண்டுக்காதீங்க. தொரப்பாண்டின்னு நம்ம ஆளுதான், மேல போர்டுக்குச் சட்டம் அடிக்கிறான். இந்தத் தெருவுலயே இல்லாத போர்டு வருது. அதச் சொல்லத்தான் போறேன், ஆனா வரிசையா.

இரும்மா, வாங்குன நைட்டிய மாத்துறது நாலு மணிக்கு மேல. வாசல்ல நிக்காத, உள்ள வந்து அந்த ஸ்டூல்ல உக்காரு.

"அண்ணே, அது இல்லண்ணே, மேல..."

மேலயும் இல்ல, கீழயும் இல்லம்மா. நாலு மணி. போர்டுல எழுதியிருக்கு பாரு.

எங்க விட்டேன்? ஆங். சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட ஒரு பொண்ணு வந்துச்சு. மாதங்கின்னு பேரு. துணிக்கு டிசைன் போடுறதுக்குன்னே படிச்ச பொண்ணாம். நம்ம ஊர்ல அத டிராயிங் மாஸ்டர்ம்போம். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பெரிய நோட்டு, கழுத்துல கேமரா. நடுத்தெருவுல நாற்காலியப் போட்டு ஒவ்வொரு கடையா அண்ணாந்து பாக்குது, எழுதுது, பாக்குது, எழுதுது. நம்ம பயலுக என்ன நெனச்சாய்ங்க தெரியுமா? ஆக்கிரமிப்பு அளக்க ஆபீசர் வந்துருக்குன்னு நெனச்சுட்டாய்ங்க. பாத்திரக்கடை பரமசிவம், வாசல்ல கட்டித் தொங்க விட்டுருந்த குடம், குத்துவெளக்கு, அண்டா எல்லாத்தையும் உள்ள இழுத்துட்டான். அந்தப் பொண்ணு ஓடிப் போயி, "அங்கிள் அங்கிள், அந்தக் குடத்தையெல்லாம் திருப்பி மாட்டுங்க அங்கிள், அதுதான் அழகே"ங்குது. அவன் கையெடுத்துக் கும்புட்டுட்டான். "அம்மா, இனிமே மாட்டவே மாட்டேம்மா, இந்த ஒரு வாட்டி விட்டுரும்மா."

அந்தக் குடந்தான் இப்ப உங்க புடவையில பார்டரு.

விரிங்க மேடம், விரிங்க. கவுண்டர் சுத்தமாத்தான் இருக்கு. ஜவுளிக்காரன் கையி, கசங்காது. ம்... துணி நல்ல துணிதான். அதக் கொறை சொல்ல முடியாது. டிஜிட்டல் பிரிண்டு. பின்னாடி பாருங்க, சாயம் எறங்கல, வெளுத்துக் கெடக்கு. மூணு தொவைப்பு தாங்குனா உங்க அதிர்ஷ்டம். வெலைய நீங்க சொல்ல வேணாம், சார் மூஞ்சியில எழுதியிருக்கு.

இங்க பாருங்க. ஒடம்பு பூராம் ஒடச்ச மொசைக்கு, அது லாட்ஜு படிக்கட்டு. அங்கங்க புட்டா மாதிரி வட்டம் வட்டமா இருக்குல்ல, அதே லாட்ஜோட பால்கனிக் கம்பி. கோடு கோடா வர்றது இழுத்து மூடுன ஷட்டரு. கலர் கண்ணாடி மெடிக்கல் ஷாப்பு ஜன்னல். சோடாக் கம்பெனி போர்டுல இருந்து "சோ" மட்டும் எடுத்துத் தூவி விட்டுருக்கு, "டா" எங்க போச்சோ. கரண்டுக் கம்பியில உக்காந்த காக்கா கூட இருக்கு மேடம். காக்கா இருக்கு. நான் இல்ல.

இந்தப் பார்டர மட்டும் கையால தடவிக்கிட்டே வாங்க. தெரு எப்படி இருக்கோ அதே வரிசை. சோடாக் கம்பெனி. லாட்ஜு. மெடிக்கல். அப்பறம்? அப்பறம் ஒண்ணுமில்ல. விரக்கட எடம் வெத்தா கெடக்கு. அதத் தாண்டிப் பரமசிவம் குடம். மெடிக்கலுக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவுல தெருவுல என்ன இருக்கு? வெளிய போயிப் பாருங்க. நான் இருக்கேன். அம்பிகா ஃபேஷன் வேர்ல்டு. இருக்கறதுலயே அகலமான கடை. ஒட்டி அடிச்சிருந்தாக் கூட மறந்துட்டான்னு விட்டுருவேன். ஆளு போனா எடம் போட்டு வைக்கிற மாதிரி வெத்தா விட்டுருக்கா பாருங்க. அது மறதி இல்ல. திமிரு.

தாமோதரன்னு கேட்டா இந்த ஊர்ல ஒரு பயலுக்குத் தெரியாது. மிமிக்ரி அண்ணன் கடைன்னு கேட்டா ஆட்டோக்காரன் வாசல்ல எறக்கி விடுவான். அப்படிப்பட்ட கடை. நானும் அந்தப் பொண்ணு நம்ம பக்கம் வரும் வரும்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். வெள்ளச் சட்டை போட்டேன். கடை முன்னாடி செவுத்த மறைச்சுப் போட்டுருக்கற அலுமினிய ஷீட்டப் பூராம் பேப்பரு வச்சுத் தொடைக்கச் சொன்னேன், மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம், அப்படி மின்னுச்சு. மத்தியான வெயில்ல போர்டு லைட்டப் போட்டு விட்டேன். வந்துச்சு. நாற்காலியப் போட்டுச்சு. அண்ணாந்து பாத்துச்சு. நோட்டத் தொறக்கல.

"அங்கிள், இந்த ஷீட்டு எப்பப் போட்டது?"

"மூணு வருசமாச்சும்மா. கோயமுத்தூர் சரக்கு."

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"செவுரு."

"இல்ல அங்கிள், செவுத்துல..."

"செவுத்துல சிமெண்டு. சிமெண்டுக்கு உள்ள செங்கல்லு. வேற என்ன வேணும்?"

அதுக்கு அது கேக்குது மேடம், மனசாட்சியோட கேளுங்க: "ஒரே ஒரு ஷீட்ட மட்டும் கழட்டிப் பாக்கலாமா அங்கிள்? சாயங்காலமே மாட்டிரலாம்."

கல்யாணத்துக்கு மேக்கப் போட்டு உக்காந்துருக்கற பொண்ணுகிட்டப் போயி, ஒரு கன்னத்த மட்டும் கழுவிக் காட்டுறியாம்மான்னு யாராச்சும் கேப்பாங்களா? எனக்கு வந்துச்சு பாருங்க. கோவத்துல நான் சத்தம் போட மாட்டேன் மேடம். நடிச்சுக் காட்டுவேன். அந்தப் பொண்ணோட நாற்காலியிலயே உக்காந்தேன். கழுத்த இப்படிச் சாச்சேன். "வாவ். அங்கிள், உங்க பழைய இரும்புக் கடை அமேசிங் அங்கிள். அந்தத் துரு, அந்த எச்சில், ஓ மை காட். அங்கிள், உங்க வேட்டிக் கிழிசல ஒரு தடவை கழட்டிப் பாக்கலாமா, சாயங்காலமே மாட்டிரலாம்." தெருவே சிரிச்சுச்சு. லாட்ஜு மாடியில இருந்து ஒருத்தன் விசிலடிச்சான். பாத்திரக்கடைக்காரன் அண்டாவுல தட்டுறான்.

அந்தப் பொண்ணும் சிரிச்சுச்சு. அதுதான் எனக்குப் பிடிக்கல. அழுதுருந்தா அடுத்த நாளே கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துருப்பேன்.

"அண்ணே, ஷீட்டு வேலையா நடக்குது? செத்த நிப்பாட்டச் சொல்லுங்களேன், நான்..."

அம்மா, ஒனக்குத் தூசி விழுந்தா உள்ள வந்து உக்காருன்னு சொல்லிட்டேன்ல. வேலைய நிப்பாட்டி ஒனக்கு நைட்டி மாத்தணுமாக்கும். நல்லா இருக்கு நியாயம்.

என்னடா தொரப்பாண்டி? கத்தாத, கேக்குது. என்ன துருத்துது? சட்டம் உக்காரலையா? துருத்துறதத் தட்டி விட்டுருடா. ஆமா, பூராம். எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஏணியில நின்னுக்கிட்டுக் கேக்குற? ஒடைங்கறேன்.

வேலைக்காரய்ங்க இப்படித்தான் மேடம், ஒரு ஆணி அடிக்கறதுக்கு நாலு வாட்டி உத்தரவு கேப்பாய்ங்க.

அந்தப் பொண்ணு இங்க இருந்து நேரா எங்க போச்சுங்கறீங்க? பட்டன் கடைக்கு. எந் தம்பிகிட்ட. அங்க போயி உக்காந்துருச்சு. ஒரு நாளில்ல, தினமும். அவன் கையால காத்துல என்னமோ வரைஞ்சு காட்டுறான், இது நோட்டுல எழுதுது. இவன் பேச ஆரம்பிச்சா ஒரு காப்பியக் குடிச்சு டம்ளரக் கழுவி வச்சிரலாம். "அண்ணே... இது... அப்பா... ஆசப்பட்டு... வச்சதுண்ணே." இம்புட்டுத்தான், மூணு வருசத்துக்கு முன்னாடி ஷீட்டு போட்ட அன்னைக்கு. இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஷீட்டுக்காரன் பாதி சட்டத்த அடிச்சுட்டான். ஆமா, ஷீட்டாலதான் எங்களுக்குள்ள ஆகல. முன்னாடி ஏதோ சிமெண்டுல பூவேலை இருந்துச்சு, எங்கப்பா கட்டுனது. புறா எச்சமும் அரசமரக் கண்ணுமா. நான் பாதி வாழ்க்கை திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு ரெப்பா ஊர் ஊராச் சுத்துனவன். அப்பா போனப்பறம் வந்து உக்காந்தேன். எல்லா ஊர்லயும் கடை எப்படி இருக்குன்னு பாத்தவன் நானு. இவன் இந்தத் தெருவத் தாண்டுனதில்ல. கோயமுத்தூர்க்காரரு வந்து எம்புட்டு மரியாதையாச் சொன்னாரு. "ஏனுங்க, ஒருக்காப் போட்டுட்டீங்கன்னா சாகற வரைக்கும் அண்ணாந்தே பாக்க வேண்டியதில்லீங்க." வேற என்ன வேணும் ஒரு மனுசனுக்கு?

தம்பி அன்னைக்கே கல்லாவ விட்டு எறங்கிட்டான். சண்டையெல்லாம் போடல. சண்டை போட்டாத்தான் நான் ஜெயிச்சிருவேனே. கோடியில ஒரு ஆளு உக்கார்ற எடத்த வாடகைக்குப் புடிச்சுப் பட்டனக் கொட்டிக்கிட்டு உக்காந்துட்டான். தினமும் போகையில வரையில இந்த ஷீட்ட அண்ணாந்து பாப்பான். ஒரு நாள் கேட்டேன், என்னடா பாக்குற, ஓம் மூஞ்சி தெரியுதான்னு. குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்.

நானெல்லாம் கடையத் தொறக்கையில குனிஞ்சு பூட்டத்தான் பாப்பேன். தண்ணி தெளிச்சு, சூடத்தக் கொளுத்தி, உள்ள பாத்துக் கும்புட்டுட்டுக் கல்லாவுல உக்காந்துருவேன். சின்ன வயசுல வீடு கடைக்குப் பின்னாடி, கொல்லை வழியாத்தான் வரப் போக. யாவாரி மேல பாத்துக்கிட்டு நின்னா சரக்கு விக்காது மேடம். மேல பாக்கறதெல்லாம் வாடிக்கைக்காரங்க சோலி.

சரி, அந்தப் பொண்ணு அவன் கடையில போயி உக்காந்துச்சா. நான் நெனச்சேன், பரவால்ல, பட்டன் கடைய முந்தானையில போட்டு எனக்கு வயித்தெரிச்சலக் கெளப்பப் போறாய்ங்கன்னு. ஆவணியில புடவை வந்துச்சு. பரமசிவம் ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்து விரிச்சுக் காட்டுனான். மொதல்ல நம்ம கடையத் தேடுனேன். இல்ல. அப்பறம் பட்டன் கடையத் தேடுனேன். அதுவும் இல்ல. பட்டன் கூட ஒண்ணு இல்ல. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாச் சாப்பிட்டேன். பாவி, அத்தன நாளு பேசி என்ன புண்ணியம், ஒனக்கும் வெத்துதான்.

இப்ப முந்தானைக்கு வாங்க. இதுக்குத்தான ஊர் ஊரா இருந்து வர்றீங்க. இதத்தான் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க. ஜவுளிக்காரனா நான் சொல்றேன், கேட்டுக்கங்க. மேல அரைவட்டமாச் சூரியன் மாதிரி, கதிர் கதிரா. நடுவுல ஒரு வட்டம், கடியாரமா தட்டான்னு அவளுக்கே தெரியாது. முள்ளு இல்ல. ரெண்டு பக்கமும் ரெண்டு கிளி. கிளிங்கறது நான் குடுக்கற மரியாதை. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்துருக்கு, என்னையும் எந் தம்பியவும் மாதிரி. அதுல இந்த எடது கை கிளியப் பாருங்க. நல்லாப் பாருங்க. மூக்கு எங்க?

இல்லல்ல? அச்சுப் பெசகு. ஃபைல்ல போயிருக்கும், பாக்காம ஓட்டிட்டாய்ங்க. நம்ம கடையில ஒரு நைட்டியில பூவு கோணலா இருந்தா அந்தா நிக்குதே, அது மாதிரி வந்து நின்னுருவாங்க. இதுக்கு மட்டும் "வாவ்". மூக்கில்லாத கிளிக்கு இம்புட்டுக் காசு.

தெருவுல இது எந்தக் கடைன்னு எவனுக்கும் தெரியல. பரமசிவத்துக்கிட்டக் கேட்டேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஒனக்கே தெரியலைன்னா நான் என்னப்பா சொல்றது"ங்கறான். லாட்ஜு மேனேஜர் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவங்களுக்கே தெரியாதப்ப எங்க இருந்து வந்துச்சு? எங்கயாச்சும் காரைக்குடிப் பக்கம் ஒரு பாழடைஞ்ச வீட்ட ஃபோட்டோ புடிச்சு இங்க கொண்டாந்து ஒட்டிட்டா. பார்டர்ல என்னைய வெத்தா விட்டுட்டு, யாருன்னே தெரியாத ஒரு கடைக்கு முந்தானை. இப்பல்லாம் யாராச்சும் வந்து கேட்டா மகாலுக்குப் போங்கன்னு அனுப்பி விட்டுர்றேன். நேத்து ஒரு குடும்பமே போச்சு. தூணத் தூணாச் சுத்திப் பாத்துட்டு வந்து "கிளி இல்லையே அண்ணா"ங்குது.

சிரிக்காதீங்க சார், இன்னும் முடியல.

அந்தப் பொண்ணு அடுத்த சித்திரைக்குத் திரும்ப வருதாம். இந்த வாட்டி சட்டைத்துணிக்கு. அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். என்னைய விட்டுட்டு இந்தத் தெருவ எப்படி வரைவா, பாத்துர்றேன். அதுக்குத்தான் இந்த போர்டு. நடு ஷீட்டு நாலையும் காலையில கழட்டியாச்சு. அந்த எடத்துல ஆளு ஒசரத்துக்கு ஒவ்வொரு எழுத்தா, உள்ள லைட்டு. அ, ம், பி, கா. ராத்திரி எரிஞ்சா லாட்ஜுல தங்குறவன் ஜன்னலத் தொறந்துட்டுத் தூங்க முடியாது. பச்ச வலையக் கட்டி மூடி வேலை பாக்கச் சொல்லிருக்கேன், லைட்டு எரியிற அன்னைக்குத்தான் தெரு பாக்கணும். பரமசிவமும் கல்யாணத்துக்குப் போயிருக்கான், வந்து பாத்தான்னா அண்டாவுக்குள்ள எறங்கிருவான். அவ நாற்காலியப் போட்டு உக்காந்தா கண்ணு கூசணும். நோட்டத் தொறந்தே ஆகணும். நான் இல்லாம இனிமே இந்தத் தெருவுல ஒரு முழம் துணி அச்சடிக்கக் கூடாது. அம்புட்டுத்தான் மேடம் எனக்கு வேணும். காசா கேட்டேன்? பார்டர்ல ஒரு விரக்கட எடம்.

என்னம்மா, மறுபடியும் வாயத் தொறக்குற? இந்தா, கேக்கற மாதிரியே நானே சொல்லிர்றேன், நீ செரமப்பட வேணாம். "அண்ணே, ஒரு வாட்டிதாண்ணே போட்டேன், தொவைக்கவே இல்லண்ணே, எங்க நாத்தனாருக்குப் பிடிக்கலண்ணே." இதானே? இத நான் மனப்பாடமா வச்சிருக்கேன். எதுக்கு இப்பப் புடவையப் புடிச்சு இழுக்குற? அது மேடத்தோட புடவை. அந்த முந்தானைய விடும்மா. கையெல்லாம் சிமெண்டு. எங்கயிருந்து இம்புட்டுச் சிமெண்டு ஒன் கையில?

டேய் தொரப்பாண்டி, எதுக்குடா நிப்பாட்டுன? மறுபடி என்ன? மிச்சம் ஒண்ணா? அதையும் தட்டுடா. இதுக்கொரு கேள்வி.

சரி, சொல்லும்மா. சொல்லித் தொலை. மேடமும் சாரும் கேக்கட்டும், நீயும் ஒன் நைட்டியும்.

"நைட்டி கெடக்கட்டும்ணே. நான் வந்ததுல இருந்து இதத்தாண்ணே சொல்ல வர்றேன். மேல ஒடைக்கறாங்கள்ல, இந்த முந்தானைல இருக்கறது அதுதாண்ணே. சூரியன் போயிருச்சு. இந்தப் பக்கத்துக் கிளி எங் காலுகிட்டதாண்ணே விழுந்துச்சு, எடுத்து ஓரமா வச்சிருக்கேன். மூக்கில்லாதது மட்டுந்தாண்ணே இன்னும் மேல இருக்கு."